முருகன் ரீவைண்டிங் ஒர்க்ஸ் பற்றி ஒரு செய்தி

பிரகதாம்பாள் துணை

வல்லத்திராக்கோட்டை
12.8.2024

அன்புள்ள பிரகதிக்கு,

மதினி ராஜலட்சுமி எழுதுவது. நீயும் கோபிநாத் அண்ணனும் பாப்பாவும் சுகம்தானே? இங்கே மழை இல்லை, மற்றபடி ஒரு குறையும் இல்லை. உன் பெயருள்ள ஆத்தாளை மேலே எழுதித்தான் தொடங்கியிருக்கிறேன், அதனால் சொன்னதைத் தட்டக் கூடாது.

கடிதத்தைப் பார்த்ததும் பதறாதே. யாருக்கும் ஒன்றுமில்லை. கடைச் சத்தத்தில் போன் பேசினால் பாதி உனக்குக் கேட்காது, மீதி எனக்குக் கேட்காது. அதனால் எழுதுகிறேன். பதிலையும் கடை விலாசத்துக்கே போடு, வீட்டுக்கு வேண்டாம்.

உன் அண்ணன் விரல் மரத்துப்போய் வேலையை விட்டு இந்த ஆடியோடு இரண்டு வருஷம் முடிந்தது. அன்றிலிருந்து முருகன் ரீவைண்டிங் ஒர்க்ஸை நான்தான் நடத்துகிறேன். எரிந்துபோன மோட்டார் வரும். கருகின கம்பியை வெட்டி எடுத்து, புதுச் செப்புக் கம்பியைக் காயில் சுருளாகச் சுற்றிக் கட்டி, ஓடவிட்டுக் காட்டிக் கொடுப்போம். அழகி, சின்னப்பிள்ளை என்று இரண்டு பெண்கள் என்னிடம் வேலை பழகி, இப்போது என் வேலையிலேயே நொட்டை சொல்கிற அளவுக்குத் தேறிவிட்டார்கள். திருவரங்குளத்திலிருந்து வருகிறது, குளத்தூரிலிருந்துகூட வருகிறது. ஃபேன், மிக்சி, கிணற்று மோட்டார் எல்லாம் வருகிறது.

வராதது ஒன்றுதான். போர்வெல்லுக்குள் இறக்குகிற சப்மெர்சிபிள் மோட்டார். அது எங்கள் கடை வாசலைத் தாண்டி டெம்போவில் புதுக்கோட்டைக்குப் போகிறது. நான் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருக்கிறேன். கிணறு வற்றி எல்லாரும் போர் போட்டாச்சு. இனிமேல் சப்மெர்சிபிள் வராத கடைக்கு என்ன பிழைப்பு? தை பிறந்தால் கார்மெண்ட் கம்பெனி வேன் ஊருக்குள்ளேயே வந்து ஆள் ஏற்றுமாம். வேலை இல்லாமல் அந்த இரண்டு பெண்களையும் எதைச் சொல்லிப் பிடித்து வைப்பேன்? அவர்கள் போய்விட்டால் கடையை மூட வேண்டியதுதான்.

கம்பெனிகளைப் பற்றிப் பேப்பரில் செய்தி வரவைப்பதுதானே உன் உத்தியோகம்? எங்கள் கடையைப் பற்றி ஒன்று வரவை. ஊர்வாய் சொன்னால் நம்பாதவன் பேப்பர் சொன்னால் நம்புவான். கூலியாக ஆதனக்கோட்டை முந்திரிப்பருப்பு உண்டு.

பாப்பாவுக்கு என் முத்தம்.

ராஜலட்சுமி


சென்னை
20.8.2024

அன்புள்ள மதினிக்கு,

நாங்கள் மூவரும் நலம். பாப்பாவுக்குப் பல் விழுந்திருக்கிறது, அதை உங்களுக்கு அனுப்பச் சொல்கிறாள். கடிதம் வந்த அன்று அடுக்ககமே எங்கள் வீட்டு வாசலில் நின்றது. இந்தக் காலத்தில் கடிதம் வருவதே ஒரு செய்திதான்.

உங்கள் வேலையை நான் எடுத்துக்கொண்டேன். ஆனால் ஒன்று தெரிந்துகொள்ளுங்கள். விளம்பரத்துக்குக் காசு கொடுத்தால் போதும். செய்திக்குக் காசு கொடுக்க முடியாது, விஷயம் கொடுக்க வேண்டும். ஒரு நிருபருக்கு ஒரு நாளைக்கு இது மாதிரி நூறு பேர் எழுதுகிறார்கள். முதல் வரியைப் படித்ததும் அவர் "அப்படியா?" என்று கேட்க வேண்டும். கேட்கவில்லை என்றால் குப்பைக்கூடைதான். நீங்கள் நல்லவர், நன்றாக வேலை செய்கிறீர்கள் என்பதெல்லாம் எனக்குத் தெரியும். ஆனால் அது செய்தி இல்லை மதினி.

முதலில் நீங்களே ஒரு பக்கம் எழுதி அனுப்புங்கள். நான் பட்டி பார்த்துக்கொள்கிறேன். கூடவே இதற்கும் பதில் வேண்டும்: இதுவரை நீங்கள் எத்தனை சப்மெர்சிபிள் கட்டியிருக்கிறீர்கள்? ஆதாரம் இல்லாமல் நிருபர் தொடவே மாட்டார்.

அண்ணன் எப்படி இருக்கிறது? போன் பண்ணினால் "ம்", "சரி", "வச்சிர்றேன்" என்று மூன்று வார்த்தையில் முடித்துவிடுகிறது.

உங்கள் கையெழுத்தைப் பார்த்ததில் சந்தோஷத்துடன்,
பிரகதீஸ்வரி


பிரகதாம்பாள் துணை

வல்லத்திராக்கோட்டை
2.9.2024

அன்புள்ள பிரகதிக்கு,

உன் கடிதமும் நலமும் கிடைத்தன. விழுந்த பல்லைக் கூரை மேல் போடச் சொல். கூரை இல்லாவிட்டால் மொட்டை மாடி.

நீ கேட்டபடி எழுதிவிட்டேன். மூன்று பேரும் உட்கார்ந்து இரண்டு நாள் யோசித்து எழுதியது:

"நிகழும் மங்களகரமான குரோதி வருஷத்தில், வல்லத்திராக்கோட்டை மாநகரில், எல்லாம் வல்ல இறைவன் அருளாலும் வாடிக்கையாளப் பெருமக்களின் ஏகோபித்த பேராதரவாலும், சகலவிதமான மோட்டார்களும் தரமான முறையில், குறித்த நேரத்தில், நியாயமான கட்டணத்தில் ரீவைண்டிங் செய்து தரப்படுகிறது என்பதைப் பெருமகிழ்ச்சியுடன் தெரிவித்துக்கொள்கிறோம். அனைவரும் வருக."

"மாநகரில்" என்பது அழகி சேர்த்தது. எடுக்கச் சொன்னேன், கேட்கவில்லை.

உன் அண்ணன் சாப்பிடுகிறார், தூங்குகிறார். காலையிலும் சாயந்திரமும் ராக்கன் டீக்கடைக்குப் போய்வருகிறார். கடைப்பக்கம் வருவதில்லை.

நல்ல பதிலை எதிர்பார்த்து,
ராஜலட்சுமி


சென்னை
9.9.2024

அன்புள்ள மதினிக்கு,

இங்கே எல்லாரும் சுகம். உங்கள் பக்கத்தைப் படித்து ஆபீஸில் சிரித்துச் சிரித்துப் புரையேறிவிட்டது. கோபித்துக்கொள்ளாதீர்கள். "அனைவரும் வருக" என்று முடிந்தால் அது திருவிழா நோட்டீஸ். காப்புக் கட்டுகிற தேதி ஒன்றுதான் பாக்கி.

நான் எழுதியதைப் பாருங்கள்: "பூக்கட்டும் கைகள் மோட்டார் கட்டுகின்றன! புதுக்கோட்டை அருகே சாதிக்கும் மூன்று பெண்கள்." இதைப் பார்த்தால் நிருபர் நிமிர்ந்து உட்காருவார். புதுக்கோட்டையில் செம்மல் என்று ஒரு நிருபர், எனக்குப் பழக்கம். சுத்தமான ஆள், விசாரிக்காமல் ஒரு வரி எழுத மாட்டார். அவருக்கு அனுப்பட்டுமா?

சப்மெர்சிபிள் எத்தனை என்று கேட்டிருந்தேன். நீங்கள் பதில் எழுதவில்லை. மறந்துவிட்டீர்களா?

அன்புடன்,
பிரகதீஸ்வரி


பிரகதாம்பாள் துணை

வல்லத்திராக்கோட்டை
17.9.2024

அன்புள்ள பிரகதிக்கு,

நலம். உங்கள் நலமும் அப்படியே இருக்கட்டும்.

பூக்கட்டும் கையா? நான் பிறந்ததிலிருந்து ஒரு முழம் பூக் கட்டியதில்லை. கடையில்தான் வாங்குகிறேன். சின்னப்பிள்ளைக்குப் பூ வாசமே ஆகாது, தும்முவாள். பொம்பளை மோட்டார் கட்டுகிறாள் என்பதற்காக எவனும் தன் மோட்டாரைக் கொடுக்க மாட்டான். பாவம் பார்த்து ஒரு ஃபேன் கொடுப்பான். நன்றாகக் கட்டுகிறாள் என்றால்தான் போர் மோட்டாரைக் கொடுப்பான். அந்தத் தலைப்பைக் கிழித்துப் போடு.

செம்மல் என்பவரை வரச் சொல். வந்து கண்ணால் பார்க்கட்டும். கடையைப் பார்த்தாலே அவருக்குத் தெரிந்துவிடும்.

ராஜலட்சுமி


பிரகதாம்பாள் துணை

வல்லத்திராக்கோட்டை
6.10.2024

அன்புள்ள பிரகதிக்கு,

உடம்புக்கு எல்லாருக்கும் நலம். மனசுக்குத்தான் நலமில்லை.

செம்மல் தம்பி போன திங்கட்கிழமை வந்தார். பேப்பர்காரர் வருகிறார் என்றால் சும்மா இருக்க முடியுமா? ஒரு வாரமாகக் கடையைக் கழுவி, சுவருக்கு வெள்ளையடித்து, தேவையில்லாததை எல்லாம் அகற்றி, மாவிலை கட்டி, மூன்று பேரும் பட்டுச்சேலையில் நின்றோம். அன்றைக்கு வேலை கிடையாது, லீவு விட்டுவிட்டேன். ஊர்ப் பெரிய மனுஷர் ஒருத்தர் இருந்தால் கௌரவம் என்று ஆண்டிச்சாமி மாமாவைக் கூப்பிட்டேன். அவர் தன்னோடு எட்டுப் பேரையும் ஒரு மைக்கையும் கொண்டுவந்தார். செம்மல் தம்பிக்கு நான் பொன்னாடை போட்டேன். ஆண்டிச்சாமி மாமாவுக்கு அவர் கூட வந்தவர் போட்டார். பிறகு மாமா சொட்டுநீர்ப் பாசனத்தைப் பற்றி முக்கால் மணி நேரம் பேசினார். செம்மல் தம்பி என்னிடம் ஏதோ கேட்க வந்தார். அதற்குள் கேசரி ஆறிவிடும் என்று சாப்பிட உட்கார வைத்துவிட்டேன்.

மூன்றாம் நாள் பேப்பரில் வந்தது. "சொட்டுநீர்ப் பாசனத்துக்கு மாறுங்கள்: விவசாயிகளுக்கு ஆண்டிச்சாமி வேண்டுகோள்." எங்கே பேசினாராம்? "தனியார் பட்டறை ஒன்றில் நடந்த நிகழ்ச்சியில்." போட்டோவில் மாமா முழுசாக இருக்கிறார். ஓரத்தில் ஒரு முழங்கை இருக்கிறது. பட்டுச்சேலைக் கரையை வைத்து அது என் முழங்கைதான் என்று அழகி சத்தியம் செய்கிறாள்.

பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது பிரகதி. ஆண்டிச்சாமி மாமா மட்டும் இருபது பேப்பர் வாங்கினாராம்.

ராஜலட்சுமி


சென்னை
12.10.2024

அன்புள்ள மதினிக்கு,

முதலில் சாப்பிடுங்கள், தூங்குங்கள், அப்புறம் இதைப் படியுங்கள். நான் உங்களைத் திட்டப்போகிறேன்.

நிருபர் வருகிற நாளில் யாராவது பட்டறைக்கு லீவு விடுவார்களா? அவர் பார்க்க வந்தது கரி படிந்த உங்கள் கையை. நீங்கள் காட்டியது கேசரியை. "அக்கா ரொம்ப நல்லவங்க, சாப்பாடு அருமை. ஆனா எழுத ஒண்ணும் கிடைக்கலை" என்று செம்மல் சொன்னார்.

ஆனால் அவர் எடுத்த போட்டோக்களை எல்லாம் எனக்கு அனுப்பியிருக்கிறார். ஒன்றில் ஆண்டிச்சாமி மாமாவுக்குப் பின்னால் புதுச் சுவரில் வரிசையாக ஏழு ஆணி தெரிகிறது. ஏழும் காலி. சாமி படமோ காலண்டரோ மாட்டியிருந்தால் இப்படி ஒரே வரிசையில், தலை உயரத்தில், வாசலைப் பார்த்து இருக்காது. அதில் என்ன மாட்டியிருந்தீர்கள்?

பொய் சொல்லாமல் எழுதுங்கள்.
பிரகதீஸ்வரி


பிரகதாம்பாள் துணை

வல்லத்திராக்கோட்டை
25.10.2024

அன்புள்ள பிரகதிக்கு,

சுகம். நீ திட்டியது உறைத்தது, ஆனால் நியாயம்.

அந்த ஆணிகளைப் பற்றி உனக்கு எழுதவே கூச்சமாக இருக்கிறது. எங்களிடம் ஒரு வழக்கம் உண்டு. நாங்கள் கட்டிக் கொடுத்த மோட்டார் திரும்ப எரிந்து வந்தால், சொந்தக்காரர் முன்னாலேயே பிரிப்போம். லைன் கரண்ட் கோளாறா, தண்ணீர் இல்லாமல் ஓடியதா, எங்கள் தப்பா என்று அவர் கண்ணாலேயே பார்த்துவிடலாம். எங்கள் தப்பு என்றால் மறுபடி சும்மா கட்டிக் கொடுப்போம். கருகின காயிலைக் குப்பையில் போடாமல் ஆணியில் மாட்டி, கீழே அட்டை கட்டுவோம். யார் மோட்டார், என்ன தேதி, என்ன தப்பு, யார் செய்தது என்று எழுதியிருக்கும்.

மொத்தம் ஏழு. திருவரங்குளத்துக்காரர் மோட்டாருக்குக் கம்பிக் கனம் மாற்றிப் போட்டது நான். ஸ்லாட்டில் இன்சுலேஷன் பேப்பர் வைக்க மறந்தது சின்னப்பிள்ளை. தீபாவளி அவசரத்தில் வார்னிஷ் காயுமுன் கொடுத்தது மறுபடி நான். முதல் ஆணியும் கடைசி ஆணியும் என் பெயர்தான். வேலை செய்யும்போது நிமிர்ந்தால் எங்கள் தப்புதான் எங்கள் கண்ணில் படும். அதனால் கை கவனமாக இருக்கும்.

விருந்தாளி வரும்போது அழுக்குத்துணியை யாராவது வாசலில் காயப்போடுவார்களா? அதனால் கழற்றிச் சாக்கில் கட்டிப் பரணில் போட்டுவிட்டேன். மறுநாளே எடுத்து மாட்டியாச்சு. மறைக்கிற எண்ணம் இல்லை, அன்றைக்கு ஒரு நாள்தான்.

பாப்பாவுக்கு அடுத்த பல் விழுந்ததா?

ராஜலட்சுமி


சென்னை
30.11.2024

அன்புள்ள மதினிக்கு,

ஒரு மாதமாக உங்களுக்கு எழுதவில்லை. உடம்புக்கு ஒன்றுமில்லை. எழுதத் தெரியாமல்தான் இருந்தேன்.

உங்கள் கடிதம் வந்த அன்றே நான் துள்ளிக் குதித்தேன். இரண்டு வருஷத்தில் எத்தனை மோட்டார் கட்டினீர்கள் என்று போனில் அழகியைக் கேட்டேன். தொள்ளாயிரத்துச் சொச்சம் என்றாள். அதில் ஏழு தப்பு, ஏழும் வாசலில்! ஊரில் எல்லாக் கடையும் தன் பெருமையை மாட்டும். தப்பை மாட்டுகிற கடையை நான் கேள்விப்பட்டதே இல்லை. செம்மலுக்கு ஒரே வரி எழுதினேன். அவர் பதில் ஒரே வார்த்தை: "அப்படியா?"

அவர் சொல்லாமல் கொள்ளாமல் உங்கள் ஊருக்கு வந்து விசாரித்திருக்கிறார். எல்லாரும் உங்களை நன்றாகத்தான் சொன்னார்களாம். பிறகு ஏன் போர் மோட்டார் கொடுப்பதில்லை என்று ராக்கன் டீக்கடையில் கேட்டிருக்கிறார். ஒன்றரை வருஷத்துக்கு முன்னால் அதே பெஞ்சில் ஒருத்தர், "சப்மெர்சிபிள ஒன் வீட்டுல குடுக்கலாமா?" என்று அண்ணனைக் கேட்டாராம். அதற்கு அண்ணன், "அதுக்கு வேற கை வேணும்யா" என்று சொன்னதாம். அவ்வளவுதான். புருஷனே சொன்ன பிறகு யார் கொடுப்பார்கள் என்கிறார்கள்.

உங்களுக்கு இது தெரியும். தெரிந்தும் எனக்கு ஒரு வரி எழுதவில்லை. வீட்டு விலாசம் வேண்டாம் என்றதும் இதற்குத்தானே?

செம்மல் சொல்கிறார், ஏழு ஆணி மாவட்டப் பக்கத்துக்குப் போகுமாம். மனைவியின் தொழிலை ஒரு வார்த்தையில் முடக்கிய கணவன் என்று எழுதினால் எல்லாப் பதிப்பிலும் முதல் பக்கமாம். என் பதினைந்து வருஷ அனுபவத்தில் சொல்கிறேன், அது உண்மை. ஊரே உங்கள் பக்கம் நிற்கும். அண்ணன் பெயர் சந்தி சிரிக்கும். அது என்னைத் தூக்கி வளர்த்த அண்ணன். ஆனாலும் அது செய்தது தப்பு. நீங்கள் சரி என்று சொன்னால் நான் குறுக்கே நிற்க மாட்டேன். முடிவு உங்களுடையது.

கடைசியாகக் கேட்கிறேன். நீங்கள் எத்தனை சப்மெர்சிபிள் கட்டியிருக்கிறீர்கள்?

பிரகதீஸ்வரி


பிரகதாம்பாள் துணை

வல்லத்திராக்கோட்டை
7.12.2024

அன்புள்ள பிரகதிக்கு,

உன் மனசு நலமாக இருக்க வேண்டும், முதலில் அதுதான்.

ஆமாம், தெரியும். அவர் சொன்ன அன்று சாயந்திரமே நாலு பேர் வந்து சொல்லிவிட்டார்கள். போன் சத்தம் என்று உனக்கு எழுதியது பாதிதான் நிஜம். பெரிய போன் எப்போதும் அவர் கையில் இருக்கிறது, அதில் எது எழுதினாலும் அவர் கண்ணில் படும். எனக்குக் கோபம் இல்லை என்று நினைக்காதே. நிறைய இருக்கிறது. சில நாள் சோறு போடும்போது தட்டைக் கொஞ்சம் சத்தமாகத்தான் வைக்கிறேன்.

ஆனாலும் வேண்டாம். நான் என் வேலையை விற்க உன்னிடம் வந்தேன், என் வீட்டை விற்க வரவில்லை. எனக்குக் கம்பிக் கனம் பார்க்கக் கற்றுக்கொடுத்தது யார்? கல்யாணமாகி வந்த புதிதில், "பொம்பளைக்கு எதுக்குப்பா ஸ்பேனரு?" என்று கேட்ட உன் அப்பாவிடம், "என்னய விட இவளுக்குக் கண்ணு கூர்மைப்பா" என்று சொன்னது யார்? அந்தக் கை மரத்துப்போய்ச் சட்டைப் பொத்தான் போடவே கால் மணி நேரம் ஆகிறது. அந்த மனுஷன் வாயில் ஒரு நாள் ஒரு பொல்லாத வார்த்தை வந்துவிட்டது. அதை முதல் பக்கத்தில் போட்டுத்தான் எனக்கு மோட்டார் வர வேண்டும் என்றால், அந்த மோட்டாரில் வருகிற தண்ணீர் எனக்கு வேண்டாம்.

அவர்கள் பரிதாபப்பட்டுக் கொடுத்தாலும் வேண்டாம், அவர் மேல் கோபப்பட்டுக் கொடுத்தாலும் வேண்டாம். என் வேலையைப் பார்த்துக் கொடுக்கட்டும். ஏழு ஆணி மாவட்டப் பக்கத்தில் வந்தால் போதும். அதுவே எனக்குப் பெரிய பக்கம்.

எத்தனை என்று மூன்று தடவை கேட்டுவிட்டாய். நான்காவது தடவை கேட்காதே. அதை நான் சொல்ல முடியாது.

ராஜலட்சுமி


சென்னை
14.12.2024

அன்புள்ள மதினிக்கு,

நலம். உங்கள் கடிதத்தைக் கோபியிடம் வாசித்துக் காட்டினேன். பாதியில் என்னால் முடியவில்லை, மீதியை அவர் வாசித்தார்.

பெரிய பெரிய கம்பெனிக்காரர்களுக்கு வேலை பார்க்கிறேன். முதல் பக்கம் என்றால் பெற்ற தாயைக்கூட போட்டோவுக்கு நிறுத்துவார்கள். முதல் பக்கத்தை வேண்டாம் என்று சொன்ன ஆளை இப்போதுதான் பார்க்கிறேன். என் அண்ணன் பெண்டாட்டி என்று நினைக்க எனக்குப் பெருமையாக இருக்கிறது மதினி.

செம்மலிடம் சொல்லிவிட்டேன். யோசித்தார், பிறகு சரி என்றார். "அந்த அக்காகிட்ட இனிமே பொன்னாடை வாங்கிக்க மாட்டேன், நான்தான் போடணும்" என்றார். வேலை நடக்கிற நாளில் வருவார். கேசரி செய்யாதீர்கள்.

பிரகதீஸ்வரி


பிரகதாம்பாள் துணை

வல்லத்திராக்கோட்டை
22.1.2025

அன்புள்ள பிரகதிக்கு,

பொங்கல் நல்லபடியாகப் போனது. கரும்பு அனுப்ப வழியில்லை, முந்திரி அனுப்பியிருக்கிறேன்.

பேப்பர் பார்த்திருப்பாய். அரைப் பக்கம்! "தவறுகளை வாசலில் மாட்டும் பட்டறை." அழுக்குச் சேலையும் கரிக்கையுமாக மூன்று பேரும் நிற்கிறோம். இந்தத் தடவை முழங்கை மட்டும் இல்லை, முழு ஆள். அழகி தன் படத்தைப் பார்த்துவிட்டு, இன்னும் கொஞ்சம் பவுடர் போட்டிருக்கலாம் என்கிறாள். அன்றைக்கே பதினைந்து பேர் ஆணி பார்க்க வந்தார்கள். திருவரங்குளத்துக்காரர் தன் பெயர் எழுதிய அட்டையைச் சொந்தக்காரர்களை எல்லாம் கூட்டிவந்து காட்டுகிறார், ஏதோ கல்வெட்டில் பெயர் வந்த மாதிரி. கிணற்று மோட்டார் வரத்து இரண்டு மடங்காகிவிட்டது. எனக்குத் தலைகால் புரியவில்லை.

சப்மெர்சிபிள் மட்டும் இன்னும் வரவில்லை. அழகி மாசி பிறக்கிற வரை பார்க்கிறேன் என்று வேன்காரரிடம் சொல்லியிருக்கிறாள். அவள் மேல் தப்பில்லை, அவளுக்கும் வீடு இருக்கிறது.

உன் அண்ணன் பேப்பரை மேலிருந்து கீழே வரை படித்தார். அப்புறம் மறுபடி படித்தார். மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வெளியே போனார்.

எது எப்படியானாலும் நான் தலைநிமிர்ந்துதான் இருக்கிறேன். நீ கவலைப்படாதே.

ராஜலட்சுமி


வல்லத்திராக்கோட்டை
11.2.2025

தங்கச்சி பிரகதிக்கு,

அண்ணன் திருமுருகன் எழுதுவது. நான் நலம், உன் மதினியும் நலம். மாப்பிள்ளையையும் பாப்பாவையும் விசாரித்ததாகச் சொல். இடது கையால் எழுதுகிறேன், கோழி கிளறின மாதிரி இருக்கும், பொறுத்துப் படி.

போன செவ்வாய்க்கிழமை ராக்கன் கடையில் உட்கார்ந்திருந்தேன். ரெங்கராஜ் மாமா போர் மோட்டார் எரிந்துபோய் டெம்போவில் ஏற்றி நின்றார். புதுக்கோட்டைக்கு ஏன் போகணும், பேப்பர்ல வந்த கடையில குடுங்களேன் என்று ராக்கன் சொன்னார். மாமா என்னைத் திரும்பிப் பார்த்தார். "என்ன மாப்ளே, குடுக்கலாமா?" என்றார். முன்னால் ஒரு நாள் கேட்டதும் அவர்தான். வேற கை வேணும் என்று நான் சொன்னதும் அவரிடம்தான்.

நான் கேட்டேன், "மாமா, ஒங்க தென்னந்தோப்பு போர்ல மூணு வருசமா ஒரு மோட்டாரு ஓடுதே, அது ஆரு கட்டுனது?"

"நீதானய்யா கட்டுன."

"நான் கட்டல மாமா. ராசலட்சுமி கட்டுனா."

பிறகு எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். இரண்டரை வருஷமாகத்தான் எனக்குக் கை வராது என்று ஊர் நினைக்கிறது. அதற்கு ஒரு வருஷம் முன்பே என் விரலில் உணர்ச்சி போய்விட்டது. சப்மெர்சிபிளுக்கு ஒயரை ஒவ்வொரு சுற்றாக உள்ளே கோத்து இழுக்க வேண்டும். நகம் பட்டுக் கீறினாலும் தண்ணீர் இறங்கி மோட்டார் போய்விடும். கீறினதா இல்லையா என்றே எனக்குத் தெரியாது. அந்த வருஷம் என் பெயரில் போனது பதினொரு மோட்டார். பதினொன்றையும் உள்ளே உட்கார்ந்து கட்டினது அவள். ஆள் வந்தால் நான் முன்னால் வந்து நிற்பேன். வெளியே சொல்லக் கூடாது என்று சத்தியம் வாங்கியிருந்தேன். நான் டீக்கடையில் அப்படிப் பேசின பிறகும் அவள் அந்தச் சத்தியத்தை மீறவில்லை. பதினொன்றில் ஒன்றுகூட இன்றுவரை பழுதாகிப் போரிலிருந்து மேலே ஏறவில்லை.

கடையில் ஒருத்தர் சிரித்தார். வெட்கமாகத்தான் இருந்தது. ஆனால் என் பெண்டாட்டி கட்டின மோட்டார் என்று வாய்விட்டுச் சொன்னபோது என் நெஞ்சு நிறைந்துவிட்டது தங்கச்சி. இத்தனை நாள் இதை ஏன் எனக்கு நானே கெடுத்துக்கொண்டேன் என்று தெரியவில்லை.

ரெங்கராஜ் மாமா டெம்போவைத் திருப்பச் சொன்னார். மறுநாளே கட்டி முடித்தாள், நானும் கடையில் இருந்தேன். இந்த வாரம் இன்னும் நாலு வந்திருக்கிறது. அழகி வேன்காரரிடம் வரவில்லை என்று சொல்லிவிட்டாள். "ஏங்க சொன்னீங்க?" என்று உன் மதினி என்னைக் கேட்டுவிட்டு அழுதாள். அவள் அழுது நான் அதிகம் பார்த்ததில்லை.

நீ எழுதின கடிதங்களை எல்லாம் அவளே எடுத்து என்னிடம் கொடுத்தாள். முதல் பக்கத்துச் செய்தியை நீங்கள் இரண்டு பேரும் எனக்காக விட்டுக்கொடுத்ததைப் படித்தேன். இப்போது நான் கேட்கிறேன், அந்தச் செய்தியைச் செம்மல் தம்பிக்கு அனுப்பு. பதினொரு மோட்டாரும் எந்த ஊர், யார் தோட்டம் என்று பின்பக்கம் எழுதியிருக்கிறேன். அவர் போய் விசாரித்துக்கொள்ளட்டும். கணவர் ஒருவர், ஊர்க்காரர் ஒருவர் என்று பூசி மெழுக வேண்டாம். திருமுருகன் என்று என் பெயரைப் போட்டே எழுதச் சொல்.

உன் அண்ணன்,
திருமுருகன்